விளக்கை அணைத்துவிட்டுச் செடியைப் பாருங்கள்

நந்தியாவட்டைச் செடிக்குக் கீழே, சிமெண்டுத் தரையில், மிளகைவிடச் சற்றுப் பெரிய கரும்பச்சை உருண்டைகள் சிதறிக் கிடந்தால் உடனே துடைப்பத்தைத் தேடாதீர்கள். ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். நீளவாக்கில் பள்ளம் பள்ளமாக வரி ஓடியிருக்கும். அது புழுக்கை. ஈரம் காயாமல் இருந்தால், போட்ட புழு நேர் மேலே இருக்கிறது என்று பொருள். நிமிர்ந்து பார்த்தால் முதலில் புழு தெரியாது. நுனி இலைகள் போய்க் காம்பு மட்டும் நிற்கும் கிளைதான் தெரியும். அந்தக் கிளை வழியே கண்ணை மெதுவாகக் கீழே இறக்கி வாருங்கள். விரல் தடிமனில், இலையின் அதே பச்சையில், பக்கவாட்டில் வெண்புள்ளி தூவிய ஒரு கோட்டோடு, வாலில் சிறிய மஞ்சள் கொம்போடு அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

கிளையை லேசாக அசைத்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கழுத்துப் பகுதி உப்பும். அதுவரை மடிப்பில் பாதி மறைந்திருந்த இரண்டு நீல வட்டங்கள், கறுப்பு விளிம்போடும் வெள்ளை நடுவோடும், அகலத் திறந்துகொண்டு நம்மையே பார்க்கும். அவை கண்கள் அல்ல. புழுவின் உண்மையான கண்கள் எளிதில் புலப்படாத சிறு புள்ளிகளாக, உள்ளே இழுத்துக்கொண்ட அந்தத் தலையில் இருக்கின்றன. இந்த நீல வட்டங்கள் தோலில் உள்ள நிறம் மட்டுமே. கொத்த வந்த குருவி ஒரு கணம் தயங்கினால் அவற்றின் வேலை முடிந்தது.

ஹாக்மாத் என்று சொல்லப்படும் பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த டாஃப்னிஸ் நெரியை என்ற அறிவியல் பெயர் கொண்ட பூச்சியின் புழு இது. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பம், மூன்றையும் தின்னும். அரளியின் நஞ்சு மனித இதயத்தை நிறுத்தக் கூடியது. ஆடு மாடு வாய் வைக்காது என்பதாலும்தான் நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் மைல் கணக்கில் அரளி நட்டிருக்கிறார்கள். அந்த இலையைத் தின்று இந்தப் புழு ஏழு சென்டிமீட்டர் வரை வளர்கிறது. வளர்ந்து முடிந்ததும் பச்சை மங்கிப் பழுப்பேறி, செடியை விட்டு இறங்கி, தரையில் வேக வேகமாக ஊர்ந்துபோய்ச் சருகுக்கு அடியில் கூட்டுப்புழுவாக மாறுகிறது. பெரும்பாலான வீடுகளில் இதைப் பார்ப்பது அந்த ஊர்தலின்போதுதான். அப்போது செருப்புக் காலுக்கு இரையாவதும் அதிகம். தப்பித்தவை இரண்டு வாரத்தை ஒட்டி அந்துப்பூச்சியாக வெளிவருகின்றன. அடர்பச்சை, இளம்பச்சை, வெள்ளை, மெல்லிய ரோஜா நிறம் எல்லாம் வளைவு வளைவாக ஒன்றுக்குள் ஒன்று ஓடும் சிறகுகள். விரித்தால் பத்து சென்டிமீட்டர் இருக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது நம் ஊர்ப் பூச்சியா?"

நம் ஊர்ப் பூச்சிதான். பூஜைக்குப் பூப்பறிக்கும் செடியிலேயே பிறந்து வளர்ந்தது.

தென்காசிப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் எங்கள் வீடு. ஜூன் பிறந்துவிட்டால் குற்றாலச் சாரல் எங்கள் முற்றம் வரை வரும். தோட்டம் என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கிணற்றைச் சுற்றி ஒரு முருங்கை, எலுமிச்சை, மாதுளை, பப்பாளி, கறிவேப்பிலை, நந்தியாவட்டை, சுவரோரம் அந்திமந்தாரை, வேலியில் சீந்தில், யாரும் நடாமல் தானாக வந்த கிலுகிலுப்பை. இங்கே நான் எடுக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, "காட்டுக்குள் போய் எடுத்தீர்களா?" என்று கேட்கிறார்கள். காட்டுக்குப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு செடியின் முன்னும் நின்று, இதை யார் தின்பார்கள் என்று தெரிந்துகொண்டு பார்க்கிறேன். அபூர்வ அந்துப்பூச்சி என்று நாம் சொல்பவற்றில் பெரும்பகுதி அபூர்வமே இல்லை. நாம் பார்க்காத நேரத்தில், நாம் பார்க்காத பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

எண்ணிக்கையைப் பார்த்தாலே இது புரியும். இந்தியாவில் பதிவாகியுள்ள வண்ணத்துப்பூச்சி வகைகள் 1,300-க்குச் சற்று மேல். அந்துப்பூச்சிகளோ 10,000-ஐத் தாண்டும். உலக அளவில் அந்துப்பூச்சிகள் ஏறக்குறைய 1,60,000 வகை. வண்ணத்துப்பூச்சிக்குப் பூங்காவும் கையேடும் வைத்திருக்கிறோம். அந்துப்பூச்சிக்கு நம்மிடம் இருப்பது பெரும்பாலும் அரிசி மூட்டையிலும் நெல் குதிரிலும் பட்ட கசப்பு மட்டுமே. ஆனாலும் இவற்றைப் பற்றிய பெரிய வேலை நம் மலையிலேதான் தொடங்கியது. தேயிலை பயிரிட நீலகிரிக்கு வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர் அங்கே அந்துப்பூச்சி சேகரிக்க ஆரம்பித்தார். நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1891-இல் வெளிவந்தது. பிறகு 1892 முதல் 1896 வரை, அன்றைய பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்குமான அந்துப்பூச்சிகளை நான்கு தொகுதிகளில் எழுதி முடித்தார். இன்றைக்கும் இந்திய அந்துப்பூச்சி ஒன்றின் பெயரைத் தேடிப் போகிறவர்கள் எங்காவது ஓரிடத்தில் அவரிடம் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்துப்பூச்சி பார்ப்பது என்றதும் எல்லோரும் நினைப்பது விளக்கை. வெள்ளைத் துணி, பிரகாசமான பல்பு, அதில் வந்து மொய்க்கும் பூச்சிகள். விளக்கு உதவும், நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். அதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது.

அசுணம் என்று பழம்பாடல்கள் சொல்லும் விலங்கு இசைக்கும், யானை தொடுகைக்கும், மீன் சுவைக்கும், வண்டு மணத்துக்கும், விட்டில் ஒளிக்கும் வசப்பட்டு அழிகின்றன என்று நம் முன்னோர் ஐம்புலன்களுக்கும் உவமை அடுக்கினார்கள். விட்டில் விளக்கை விரும்புகிறது, ஆசையால் மாய்கிறது என்பதே காலங்காலமாக நாம் நம்பிவந்த கதை. 2024 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை வேறு விதமாகக் காட்டியது. விளக்கைச் சுற்றும் பூச்சிகளை அதிவேகக் கேமராக்களால் படம்பிடித்துப் பார்த்தபோது, அவை விளக்கை நோக்கிப் பறக்கவே இல்லை. விளக்கின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு பறந்தன. இரவிலும் நிலத்தைவிட வானமே வெளிச்சம். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டினால் உடல் தானாக நேராகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தவறாத கணக்கு அது. பக்கத்தில் ஒரு பல்பு எரிந்ததும் கணக்கு குழம்புகிறது. பக்கவாட்டில் வெளிச்சம் இருந்தால் உடல் சாய்ந்து, சாய்ந்தபடியே வட்டமடிக்கிறது. வெளிச்சம் கீழே இருந்தால் மல்லாந்து விழுகிறது. ஆசை எங்கேயும் இல்லை. மேல் எது கீழ் எது என்று தெரியாமல் தவிக்கும் ஓர் உயிரைத்தான் நாம் விளக்கடியில் பார்க்கிறோம். இதைப் படித்த பிறகு இரவு முழுக்க விளக்கை எரிய விட எனக்கு மனம் வருவதில்லை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. சோதித்த பூச்சிகளில் இரண்டு மட்டும் இப்படி முதுகைத் திருப்பவில்லை. ஒன்று பழ ஈ. மற்றொன்று, நந்தியாவட்டையில் பார்த்தோமே, அந்த டாஃப்னிஸ் நெரியை. விளக்கின் மேலேயே பறந்தும் அது குழம்பாமல் நேராகச் சென்றது. இப்போது யோசித்துப் பாருங்கள்: நம் தோட்டத்தின் மிக அழகான அந்துப்பூச்சியை விளக்கு வைத்துத் தேடினால் எத்தனை இரவு காத்திருக்க வேண்டியிருக்கும்? செடியைத் தெரிந்தவருக்கு அது காலை நேரத்தில், பூப்பறிக்கிற கை எட்டும் தூரத்தில் கிடைக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பூச்சிகள் எப்படிப் பறக்கின்றன என்று ஆராய்பவர்கள் இந்தப் பூச்சியையே வளர்த்துப் பயன்படுத்துகிறார்கள். பறக்கும்போது உடலின் சமநிலையை அறிய அதன் உணர்கொம்புகளின் அடிப்பகுதி எப்படி உதவுகிறது என்பது அவர்கள் ஆராயும் கேள்விகளில் ஒன்று.

இனி விளக்கு. எங்கள் வீட்டில் கரை போன பழைய வேட்டி ஒன்றைக் கொடிக்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் ஒரு பல்பைப் போடுவேன். நிலவு இல்லாத இரவு, காற்று அடங்கி, சாரல் விட்டு, புழுக்கமாக இருந்தால் மிக நல்லது. முதலில் வருவது பச்சைத் தத்துப்பூச்சிகளும் சிறு வண்டுகளும்தான். எட்டு மணிக்கு மேல் அந்துப்பூச்சிகள் வரத் தொடங்கும். சிறகைத் தட்டையாக விரித்து வேட்டியோடு ஒட்டிக்கொள்பவை ஒரு கூட்டம். கூரை வீடு போலச் சரித்து மடக்கி உட்காருபவை இன்னொரு கூட்டம். அம்புமுனை வடிவில் சிறகைப் பின்னோக்கி நீட்டி உட்காருபவை பருந்து அந்துப்பூச்சிகள். சிறகை மெல்லிய குச்சியாகச் சுருட்டி, டி என்ற ஆங்கில எழுத்தின் வடிவத்தில் நிற்கும் இறகு அந்துப்பூச்சியை முதன்முதலில் பார்ப்பவர்கள் அதைப் பூச்சி என்றே நினைப்பதில்லை. அது பகலில் அவரைப் பந்தலில் இருக்கும். பூவையும் பிஞ்சையும் துளைக்கும் புழு அதனுடையது. மறுபடியும் செடிக்கே வந்து சேர்கிறோம்.

பத்து பத்தரை மணிக்கு விளக்கை அணைத்துவிடுவேன். காரணம் வெறும் இரக்கம் மட்டும் அல்ல. விடியும் வரை எரியவிட்டால் காலையில் வேட்டியில் உட்கார்ந்திருப்பவற்றைக் கரிச்சானும் வண்ணாத்திக்குருவியும் ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போய்விடும். பல்லிகள் அதற்கு முன்பே தம் பங்கை முடித்திருக்கும். இனச்சேர்க்கைக்கும் முட்டைக்கும் இருக்கும் சில இரவுகளை ஒரு படத்துக்காக நாம் பறிக்கக் கூடாது.

சாரல் காலத்தில் அழைக்காமலே வீட்டுக்குள் வரும் ஒன்று உண்டு. கையகலத்துக்கு மேல் பெரிதாக, கரும்பழுப்பில், முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஆந்தைக் கண்ணை எழுதிவைத்ததுபோல ஒரு வட்டத்தோடு, குளியலறைச் சுவரின் உச்சியிலோ பரணிலோ ஒட்டிக்கொண்டு பகல் முழுவதும் அசையாமல் இருக்கும். எரெபஸ் மேக்ராப்ஸ் என்பது அதன் பெயர். பார்த்ததும் விளக்குமாற்றை ஓங்கத் தோன்றும். எங்கள் ஆச்சி விடமாட்டார். "மழைக்கு ஒதுங்கி வந்ததை அடிக்காதே, ராத்திரி அதுவே போய்விடும்" என்பார். அப்படியே போய்விடும். அழுகும் பழமும், மரத்தில் கசியும் சாறும் தேடிப் போகும் பூச்சி அது. அதன் சிறகுத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லிப் பயமுறுத்துபவர்கள் உண்டு. தூள் என்பது உதிர்ந்த செதில்கள். எங்கள் வீட்டுக்கு வந்து ஒட்டிய எதுவும் யார் பார்வையையும் பறித்ததில்லை.

அழுகிய பழத்தைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன்: விளக்கைவிட எனக்குப் பிடித்தது இந்த வழி. கனிந்து கறுத்த வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து இரண்டு நாள் புளிக்கவிட்டு, மாலையில் முருங்கை அடிமரத்தில் தடவிவிடுங்கள். இருட்டிய பிறகு டார்ச் ஒளியைத் தாளால் மறைத்து மங்கலாக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். பதற்றம் இல்லாமல், உறிஞ்சுகுழலை நீட்டிக் குடித்துக்கொண்டிருக்கும் அந்துப்பூச்சியை அதன் இயல்பில் பார்க்கக் கிடைப்பது இப்படித்தான்.

இந்த விருந்துக்கு வருபவர்களில் யுடோசிமா மட்டேர்னாவுக்கு ஈடு இல்லை. உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த இலை. நரம்புகூட அப்படியே இருக்கும். தொந்தரவு செய்தால் முன்சிறகைத் தூக்கும். உள்ளே கறுப்பு விளிம்போடு பளீரென்று ஆரஞ்சு நிறப் பின்சிறகு. பொதுவாக அந்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் மெல்லியது, தேனையும் கசியும் சாற்றையும் குடிக்க மட்டுமே வல்லது. இதன் குழல்முனை கெட்டியானது, முள் முள்ளாக இருக்கும். எலுமிச்சையின், மாதுளையின் தோலையே துளைத்துச் சாற்றை உறிஞ்சும். துளைத்த இடத்தில் பூஞ்சை ஏறிப் பழம் அழுகி உதிரும். பழத்தோட்டக்காரர்களுக்கு இது உண்மையான நஷ்டம். அவர்கள் பழங்களுக்குப் பை கட்டுவதையும், புகை போடுவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூச்சியின் புழு எலுமிச்சையைத் தொடுவதே இல்லை. அது வளர்வது சீந்தில் கொடியில். அதனால் பழத்தோட்டத்தைச் சுற்றியுள்ள சீந்திலைப் பிடுங்கி எறியச் சொல்கிறது வேளாண்துறைப் பரிந்துரை. கொரோனா காலத்துக்குப் பிறகோ சீந்தில் நோய் எதிர்ப்புக்கு நல்லது என்று வீட்டுக்கு வீடு வேலியில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் வேலியில் சீந்திலும் இருக்கிறது, பத்தடி தள்ளி எலுமிச்சையும் இருக்கிறது. வீட்டுக்கு வேண்டிய பழங்களுக்கு நான் துணிப்பை கட்டுகிறேன். மீதியை விட்டுவிடுகிறேன். சீந்திலை வெட்டவில்லை. அதில் அந்தப் புழுவை ஒருமுறை பார்த்தவருக்கு வெட்ட மனம் வராது: கருநீல வெல்வெட்டு உடல், பக்கத்துக்கு இரண்டாகப் பெரிய கண்வட்டங்கள், தொட்டால் தலையைக் கீழே மடக்கி வாலைத் தூக்கி வளைந்து நிற்கும் நிலை. அந்த நிலையில் முன்பக்கம் எது என்றே சொல்ல முடியாது.

முருங்கையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. மழை தொடங்கியதும் முருங்கை அடிமரத்தில் பட்டையே தெரியாத அளவுக்கு மயிர்ப்புழுக்கள் கூட்டமாக அடைந்து கிடப்பதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இருக்க முடியாது. பகலில் அடிமரத்தில் ஒண்டிக்கிடந்து இரவில் மேலேறி இலை தின்னும் கம்பளிப்பூச்சி, யூப்டெரோட்டே மொல்லிஃபெரா. ரோமம் பட்டால் தோல் தடித்து அரிக்கும். குச்சியில் துணி சுற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, மரத்தோடு சேர்த்துச் சுடுவதே ஊர் வழக்கம். சிறு குழந்தை விளையாடும் முற்றத்தில் அதை அகற்றத்தான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் கொல்லையின் மூலையில் நிற்கும் மரத்தையும் தேடிப் போய்ச் சுடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இலை எல்லாம் போன முருங்கை அடுத்த சில வாரங்களில் துளிர்க்கும்; சுட்ட பட்டை அவ்வளவு எளிதில் ஆறாது. இந்தப் புழுக்கள் வளர்ந்து ஆகும் மஞ்சள் பழுப்பு அந்துப்பூச்சியை, மென்மையான, கனத்த, சோம்பலான அந்தப் பெரிய பூச்சியை, கம்பளிப்பூச்சியோடு சம்பந்தப்படுத்திப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் மிகக் குறைவு. பக்கத்து வீட்டு மதினிக்கு இரண்டின் படத்தையும் காட்டியபோது, "இதுவா அது?" என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு அவர் கொல்லை மரத்தைச் சுடவில்லை.

எல்லா அந்துப்பூச்சியும் இரவுக்குரியதல்ல. வெயில் ஏறும் முன் புல்வெளியில் குளவி என்று நினைத்து விலகிப் போகும் பூச்சியை நின்று பாருங்கள். கறுப்புச் சிறகில் கண்ணாடிச் சன்னல்கள், வயிற்றில் மஞ்சள் பட்டைகள். கொடுக்கு இருக்காது. அமேட்டா பாஸாலிஸ் என்ற அந்துப்பூச்சி அது. குளவி வேடமே அதற்குக் காவல். வால்கள் இணைந்தபடி ஜோடியாக எதிரெதிர்த் திசை பார்த்து நெடுநேரம் புல்நுனியில் இருக்கும், படமெடுக்க அவ்வளவு வசதி. இன்னொன்று செஃபனோடெஸ் ஹைலஸ்: தடித்த பச்சை உடல், முழுக்கக் கண்ணாடியாக இரு ஜோடிச் சிறகு, பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். கூட்டிலிருந்து வெளிவரும்போது அதன் சிறகிலும் செதில்கள் உண்டு. முதல் பறத்தலிலேயே அவை உதிர்ந்து கண்ணாடியாகிவிடுகிறது. காப்பிச் செடியின் குடும்பத்துச் செடிகள்தான் இதன் புழுவுக்கு உணவு.

பிறகு கிலுகிலுப்பை. களை என்று தோட்டக்காரர் பிடுங்க வரும்போதெல்லாம் நான் தடுக்கும் செடி அது. வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்த யுடெதீசா என்ற அந்துப்பூச்சி அதில்தான் இருக்கும். பகலிலேயே, ஒளியாமல், எல்லோரும் பார்க்கும்படி உட்காரும். அந்தத் துணிச்சலுக்குக் காரணம் கிலுகிலுப்பையில் உள்ள நச்சு. புழுவாக இருக்கும்போதே அதைத் தின்று உடலில் சேர்த்துக்கொள்கிறது. இதன் அமெரிக்க உறவினமான யுடெதீசா ஆர்னாட்ரிக்ஸை வைத்துச் செய்த ஆய்வுகளில், வலையில் சிக்கிய அந்துப்பூச்சியைச் சிலந்தி கடித்துத் தின்னாமல், வலையிழைகளைத் தானே அறுத்து விடுவிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆண் தன்னிடம் உள்ள நச்சில் ஒரு பங்கை இனச்சேர்க்கையின்போது பெண்ணுக்குக் கொடுக்கிறது. பெண் அதை முட்டைகளுக்குக் கொடுக்கிறது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் சேர்த்துவைக்கும் கவசம். இதற்கு வேண்டியதெல்லாம் சுவரோரம் நாம் பிடுங்காமல் விடும் நான்கு கிலுகிலுப்பைச் செடிகள்.

மாதுளையிலும் கருவேலத்திலும் ஒரே நீளத்துக்கு நறுக்கிய சுள்ளிகளை ஒட்டிக் கட்டிய சிறு பொதிகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பதும் அந்துப்பூச்சிப் புழுதான். ஆணுக்கு மட்டும் சிறகு முளைக்கும். பெண்ணுக்குச் சிறகே கிடையாது. அந்தப் பொதிக்குள்ளேயே வாழ்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். தேடி வர வேண்டியது ஆண்தான். காற்றில் கலக்கும் மணத்தைப் பிடித்துக்கொண்டு வரும். பெண் அந்துப்பூச்சி வெளிவிடும் இத்தகைய மணப்பொருளை முதன்முதலில் பிரித்தறிந்தது 1959-இல், பட்டுப்பூச்சியில். அடால்ஃப் புடெனாண்ட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், ஏறக்குறைய ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் எடுத்தார்.

மலையடிவாரத்தில் இருப்பதால் எங்களுக்குக் கிடைக்கும் பேறு அட்லஸ் அந்துப்பூச்சி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அட்டாகஸ் டாப்ரோபானிஸ். செம்பழுப்புச் சிறகில் நான்கு முக்கோணக் கண்ணாடிகள், முன்சிறகு நுனி பாம்புத் தலையாக வளைந்திருக்கும். செங்கோட்டைச் சாலையில் ஒரு தேநீர்க் கடையின் சுவரில் அது உட்கார்ந்திருந்த காலையில் கடை வாசல் முழுக்கச் செல்பேசிகளாக இருந்தது. யாரோ அதைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போகப் பார்த்தார்கள். தேன், சர்க்கரைத் தண்ணீர் வைத்து வளர்க்கலாம் என்றார்கள். அதற்கு உண்ணும் வாயே இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்தே ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் வாழும். அந்த நாட்களில் அது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, துணையைத் தேடுவது. பெட்டிக்குள் வைத்தால் அதுவும் நடக்காது. இதைச் சொன்னதும் கடைக்காரரே ஒரு கிளையை ஒடித்து வந்து, அதில் அதை ஏறவிட்டு, எதிரிலுள்ள மரத்தின் நிழலில் கொண்டுபோய் வைத்தார்.

பார்த்ததைப் பதிந்துவைப்பது முக்கியம். மேலிருந்து சிறகு முழுவதும் தெரிய ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம்; தேதி, இடம், எந்தச் செடி. செடியின் பெயரை விடாதீர்கள். சிறகு தேய்ந்து அடையாளம் தெரியாமல் போனாலும் செடி பாதி விடையைச் சொல்லிவிடும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் திருத்திக் கொடுப்பார்கள். இந்திய அந்துப்பூச்சிகளுக்கென்றே மாத்ஸ் ஆஃப் இந்தியா என்ற இணையதளம் இருக்கிறது. ஜூலை கடைசியில் பல நாடுகளில் அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுகிறார்கள். 2012-இல் அமெரிக்காவில் தொடங்கியது. எங்களுக்குச் சாரல் உச்சத்தில் இருக்கும் நேரம் அது, மிகப் பொருத்தம்.

தொடங்குபவர் ஒரே ஒரு செடி நடுவதாக இருந்தால் அந்திமந்தாரையை நடுங்கள். விலை கிடையாது, யார் வீட்டிலாவது விதை உதிர்ந்து கிடக்கும். மாலை ஐந்தரைக்குப் பூக்கும். வெளிச்சம் முழுதும் போகும் முன், பூக்களுக்கு எதிரே அசையாமல் உட்காருங்கள். முதலில் காதுக்குத்தான் வரும், சிறகின் ரீங்காரமாக. பிறகு சாம்பல் நிறத்தில், வயிற்றில் ரோஜாநிறப் பட்டைகளோடு அக்ரியஸ் கன்வால்வுலி பூவின் முன் அந்தரத்தில் நிற்கும். உடலைவிட நீளமான உறிஞ்சுகுழலை நீட்டிப் பூக்குழாயின் அடிவரை இறக்கும். சர்க்கரைவள்ளிக் கொடியிலும் உளுந்திலும் வளர்ந்த பூச்சி அது. பப்பாளிப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பவையும் இந்தப் பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தவைதான்.

எனக்கு இன்னும் கிடைக்காமல் இருப்பது அக்கெரான்ஷியா ஸ்டிக்ஸ், முதுகில் மண்டையோடு எழுதிய பூச்சி. இரவில் தேனடைக்குள் புகுந்து தேன் குடிக்கும். பிடித்தால் உறிஞ்சுகுழல் வழியே காற்றைத் தள்ளிக் கிறீச்சிடும். அதன் புழுவுக்கு எள் மிகவும் பிடிக்கும். ஆடிப் பட்டத்தில் கிணற்றடியில் ஒரு வரிசை எள் விதைத்திருக்கிறேன். முளை வந்துவிட்டது. மருந்து எதுவும் அடிக்கப் போவதில்லை. தினமும் காலையில் அடியில் புழுக்கை விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். மூன்று வீடு தள்ளி ஒரு சின்னையா தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். அவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.